புகை போட்ட தொரைத் தொப்பி

1. கோழிக்குப் போட்டியாக

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் முதலாளி தவுக்கே என்னைத் தொப்பி வாங்க அனுப்பினார். மலேசியாவில் சுங்கைப் பட்டாணியில் பழைய சாமான் கடை வைத்திருந்த சீனர் அவர். கிராமபோன், பித்தளை விளக்கு, கால் ஒடிந்த நாற்காலி என்று எதையும் வாங்குவார், எதையும் விற்பார். ரப்பர் தோட்டத்துத் தமிழர்களிடம் பேசிச் சாமான் எடுத்து வர அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. எனக்கு வாய் நீளம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது ஒன்றுதான் என் தகுதி.

"தொப்பியா? அத யாரு வாங்குவா தவுக்கே?"

"ஓராங் பூத்தே லா, வெள்ளக்காரன். தொரை போடுற வெள்ளைத் தொப்பி. வெளிநாட்டுல சேத்து வைக்கிறானுங்களாம். பினாங்குல ஒரு ஆளு வாங்கி அனுப்புறான். நீ போய்ப் பாரு, மேரி."

எழுபதுகளின் கடைசி அது. தோட்டங்கள் கைமாறி, வெள்ளைக்கார மேனேஜர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். போகும்போது தங்கள் தொப்பிகளை டிரைவருக்கும் சமையல்காரருக்கும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நெட்டியில் செய்து மேலே வெள்ளைத் துணி இழுத்து ஒட்டிய தொப்பி. கையில் எடுத்தால் கனமே தெரியாது.

சிடாம் கிரி பக்கம் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற ஒரு லயத்தில் முதல் தொப்பியைக் கண்டுபிடித்தேன். குசினிச் சுவரில் தலைகீழாகத் தொங்கியது. உள்ளே வைக்கோல், வைக்கோல்மேல் கோழி.

"தொப்பிய நீ எடுத்துக்கிட்டா, எங்கோழி எங்க போயி முட்ட வைக்கும்?" என்று அந்த வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். கடைத்தெருவுக்குப் போய் ஒரு கூடை வாங்கி வந்து மாட்டி, மேலே இரண்டு வெள்ளிப் பணமும் கொடுத்தேன். கோழி என்னை ஒரு கொத்து கொத்திவிட்டுத்தான் இறங்கியது.

2. யானை விலை, குதிரை விலை

பினாங்கிலிருந்து வாங்க வருகிறவர் கிரெக் என்ற ஆஸ்திரேலியர். ஒடிசலான ஆள். மலாய் நன்றாகப் பேசுவார். தொப்பியைக் கையில் எடுத்ததும் வெளியே பார்க்க மாட்டார், கவிழ்த்து உள்ளே பார்ப்பார். லண்டன் கடையின் முத்திரை இருக்கிறதா, வேர்வை படியும் தோல்பட்டை கிழியாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இரண்டும் இருந்தால் பேரம் பேசாமல் பணத்தை எடுப்பார்.

இரண்டு வெள்ளித் தொப்பி பத்து வெள்ளி ஆனது. எண்பதுகள் பிறந்ததும் ஐம்பதைத் தாண்டியது. வெளிநாட்டில் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள், இங்கே தொப்பிகள் குறைந்துவிட்டன. செய்தி லயத்துக்கு லயம் பரவியது. போன வருடம் கோழிக்குக் கொடுத்தவர்கள் இப்போது யானை விலை, குதிரை விலை சொன்னார்கள். பண்டார் பாருவில் ஒரு பெரியவர் சாலை போடும் ஆட்கள் மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பியைத் துடைத்து எடுத்து வந்து, "இதுவும் வெள்ளக்காரன் குடுத்ததுதாம்மா" என்றார். கொடுத்திருப்பான், யார் இல்லையென்றது?

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இத்தனை காலம் தொரைமார் தலையில் இருந்தது இப்போதாவது நம் சனங்களுக்குச் சோறு போடட்டுமே என்றுதான் நினைத்தேன்.

3. லெட்சுமி அக்கா வீட்டில்

லூனாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லெட்சுமி அக்கா ஸ்மோக் ஹவுஸில் வேலை செய்தார். ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டுப் புகை போடும் கொட்டகை அது. அக்காவின் புருஷன் பங்களா டிரைவராக இருந்து இறந்தவர். தொரை அவருக்குக் கொடுத்த தொப்பி, துணியில் சுற்றிப் பெட்டியில் இருந்தது. நான் பார்த்ததிலேயே அதுதான் அழகு. முத்திரை அப்படியே இருந்தது, தோல்பட்டை புதுசு போல இருந்தது.

"முந்நூறு வெள்ளி போகும்க்கா," என்றேன்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மகள் வசந்தாவுக்குப் பினாங்கில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி வேலைக்கு, அதாவது நர்ஸுக்கு, படிக்க இடம் கிடைத்திருந்தது. முன்பணம் கட்ட வேண்டும், வெள்ளை உடுப்பும் சப்பாத்தும் வாங்க வேண்டும். பணம் புரளாவிட்டால் அவளும் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டத்தான் போக வேண்டும். தோட்டத்துக் கணக்கர் கிராணி அவள் பெயரைக் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் சேர்க்கத் தயாராகவே இருந்தார்.

கிரெக்கை நானே கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது, பாதையில் வண்டி இறங்கவில்லை. மழை விட்டதும் தவுக்கேயின் லாரியில் அவரும் கிரெக்கும் நானும் போனோம்.

அக்கா சிரித்த முகத்தோடு தொப்பியைக் கொண்டு வந்து வைத்தார். வெள்ளைத் தொப்பி டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. வீடு முழுக்கப் புகை வாசம்.

"என்னாக்கா இது?"

"கூரை ஒழுகி பொட்டியில தண்ணி எறங்கிருச்சு மேரி. தொப்பியில பூஞ்சணம் புடிச்சிருச்சு. ஷீட்டுல பூஞ்சணம் புடிச்சா என்னா செய்வோம்? பிரஷ் போட்டு தேச்சுட்டு, பொகையில தொங்க வுடுவோம். அதத்தான் செஞ்சேன். இனிமே எந்த மழைக்கும் ஒன்னும் ஆவாது."

அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ரப்பர் ஷீட்டாக இருந்திருந்தால் முதல் தரம் போட்டிருப்பார்கள்.

கிரெக் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கி, தன் பையை எடுத்துக்கொண்டிருந்தார். தவுக்கே என் காதருகே வந்தார். "ஹாபிஸ் லா, முடிஞ்சிது. அவன உள்ள கூப்பிடாத. கேன்வாஸ் சப்பாத்துக்குப் பூசுற வெள்ள இருக்குல்ல, அதப் பூசி அடுத்த வாரம் காட்டலாம். கண்டுபுடிக்க மாட்டான்."

அக்கா என்னைப் பார்த்தார். வசந்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூசலாம் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வரும். ஆனால் உள்ளே தடவிப் பார்க்கிற ஆள் கிரெக். ஒரு முறை ஏமாற்றினால், அப்புறம் எந்த லயத்துத் தொப்பியையும் நம்பி வாங்க மாட்டார். தவுக்கேமேல் கோபம் வந்தது. அவர் நல்லதற்குத்தான் சொன்னார் என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

கிரெக் வாசலுக்கு வந்ததும் நானே தொப்பியை நீட்டினேன். "வெள்ளையா இருந்துச்சு. நனைஞ்சு பூஞ்சணம் புடிச்சதால ஸ்மோக் ஹவுஸ்ல புகை போட்டுட்டாங்க. இனி வெள்ளையாகாது," என்று மலாயில் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கவிழ்த்தார். விரலால் நெட்டியை அழுத்தினார். முகர்ந்தார். தலையை ஆட்டினார். "வெள்ளை கேட்கிறவர்களுக்கு இதைக் கொடுக்க முடியாது," என்றார். அக்காவுக்கு மலாய் புரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆனால் அவர் தொப்பியைக் கீழே வைக்கவில்லை. "எங்கே புகை போட்டீர்கள்? காட்டுங்கள்," என்றார்.

எல்லோரும் போனோம். அக்கா முதலில் தயங்கினார், பிறகு தொழில் தெரிந்தவரின் பேச்சு வந்துவிட்டது. பூஞ்சணம் பிடித்த ஷீட்டையும் புகை போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கிரெக் நெடுநேரம் அவற்றைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, பினாங்குக் கிடங்கில் இந்த மழைக்கு அவருடைய தொப்பிகள் பாதி பூஞ்சணம் பூத்துப்போனதை வாய்விட்டுச் சொன்னார். கப்பலில் போனவற்றிலும் சில கெட்டுப்போய், வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"நூறு," என்றார்.

"இருநூத்தம்பது," என்றார் அக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க தொப்பியெல்லாம் பூத்துப் போச்சு. என் தொப்பி பூக்காது. தொரை போட்டது, நாங்க பொகை போட்டது. ரெண்டும் உள்ளதுதான். வாங்குறவங்ககிட்ட மறைக்காம சொல்லி வில்லுங்க."

நான் மொழிபெயர்த்தேன். கிரெக் சிரித்துவிட்டார். இருநூறில் முடிந்தது. அக்கா பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். தவுக்கே லாரிக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினார்.

4. பிறகு

திரும்பும் வழியிலேயே தவுக்கே, "அடுத்த தடவ எல்லாத் தொப்பியையும் புகை போட்டுரலாமா?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் பாதையைப் பார்த்து ஓட்டத் தொடங்கினார்.

அந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். குறையை முதலில் சொல்ல வேண்டும். விலையை அப்புறம் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மூன்றாவது எனக்குக் கடைசிவரை வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் முழங்கால் வீங்கிப் பினாங்கு ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தேன். வெள்ளை உடுப்பில் ஊசியோடு வந்தவள் வசந்தா. பயந்துபோய், "வலிக்காதுல்ல?" என்று கேட்டேன்.

"நல்லாவே வலிக்கும் சின்னம்மா," என்றாள். சொல்லிவிட்டுத்தான் குத்தினாள்.