எடுத்த இடத்தில் விடப்பட்டது

வேலையில் சேர்ந்த முதல் நாளே இரண்டு உயிரைக் கொன்றேன். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதும் குறிப்பு இது. பெருமையான சங்கதியில் தொடங்கலாம் என்று பார்த்தேன். அப்படிப்பட்டவை என்னிடம் அதிகம் இல்லை.

1. கொட்டம்

ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறைக்குப் போகும் வழியில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். மழையை நம்பிய சோளக்காடும் கடலைக்காடும்தான். ஓட்டுக் கட்டடம் ஒன்று, வாசலில் மாட்டை நிறுத்திக் கட்ட மரச்சட்டம், உள்ளே மருந்து அலமாரி. டாக்டர் ஒருவர், நான் ஒருவன்.

ட்ரெய்னிங்கில் எனக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் மாடு, ஆடு, கோழி. மாட்டுக்கு வாய்வழியாக மருந்து ஊற்றுவதை டிரெஞ்சிங் என்போம். தலையைத் தூக்கிப் பிடித்து, கொட்டம் என்கிற மூங்கில் குழாயைக் கடைவாயில் செருகி ஊற்ற வேண்டும். முரட்டுக் காளைக்குக்கூட ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தக் கர்வத்தோடுதான் முதல் நாள் போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போட வெளியூர் போயிருந்தார். தை மாதம், சோள அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் காட்டை நாலு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி அறுத்துக்கொண்டே வருவார்கள். உள்ளே இருக்கும் முயலெல்லாம் கடைசித் துண்டில் வந்து ஒடுங்கி, அங்கிருந்து பிய்த்துக்கொண்டு ஓடும். குட்டிகள் ஓடாது. ஆள் காலடியில் வந்தாலும் அசையாமல் படுத்துக் கிடக்கும்.

பதினோரு மணிவாக்கில் அறுப்புக்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் பேச்சியம்மாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். மடியை அவிழ்த்து மேஜைமேல் இரண்டு முயல்குட்டிகளை வைத்தாள். கண் திறந்து, முடி முளைத்து, உள்ளங்கையளவு இருந்தன.

"ஆத்தா இல்லாமக் கெடந்துச்சுய்யா. செத்த நேரம் நின்னு பாத்தேன், வரவே இல்ல. எனக்குப் பொறந்த ரெண்டும் ஒரு மாசங்கூடத் தங்கல. இதுகளையாச்சும் காப்பாத்திக் குடுங்க" என்றாள்.

"அதுக்குத்தானே நான் இருக்கேன், உக்காருங்க தாயி" என்றேன். அந்த மிதப்பை இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பசும்பாலைக் காய்ச்சி, இங்க் ஃபில்லரில் எடுத்தேன். கன்றுக்குட்டிக்குச் செய்வதுபோலத் தாடையை மேலே தூக்கிப் பிடித்து ஊற்றினேன். மூக்கு வழியாகப் பால் வந்தது. தும்மியது. தும்முகிறதே, தெம்பு வந்துவிட்டது என்று இன்னும் ஒரு ஃபில்லர் ஊற்றினேன். ஒன்று உச்சிக்கு முன்பே போய்விட்டது. இன்னொன்று வாயைத் திறந்து திறந்து மூடி, மூன்று மணிக்குப் போனது. அதுவரை அவள் அறுப்புக்குத் திரும்பாமல் வாசல் வேம்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்யா? பால் குடிச்சுச்சே, அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். முதல் நாள், புதுக் காக்கிச் சட்டை, வாசலில் நாலு பேர் மாட்டோடு நிற்கிறார்கள். "நீங்க கையால தொட்டுத் தூக்கிட்டீகளே தாயி, அதான் தப்பு. மனுசக் கை பட்டா அது தங்காது" என்று யாரோ எங்கோ சொன்னதை எடுத்துவிட்டேன்.

அவள் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள். பிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் டாக்டர் வந்து குட்டிகளை அறுத்துப் பார்த்தார்.

"லங்ஸ் பூராம் பாலுய்யா. தலையைத் தூக்கி டிரெஞ்ச் பண்ணியா?"

"ஆமா சார்."

"மாட்டு வைத்தியத்தை முயலுக்குப் பண்ணியிருக்க. இதுல இன்னொரு கூத்து என்னன்னா, இது அனாதையே இல்ல. தாய் முயல் பகல்ல குட்டிகிட்டயே வராது. வந்தா நரிக்கு இடத்தைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். பொழுது சாஞ்சதும் ஒரு தடவ வந்து பால் குடுத்துட்டுப் போயிரும். அறுத்த காடா இருந்தாலும் ஓரத்துல சோளத்தட்டைக்கு அடியில விட்டிருந்தா வந்து தேடியிருக்கும். கை பட்டாலும் ஒண்ணும் ஆகாது. அந்தப் பொம்பளைகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல சார்" என்றேன்.

கேஸ் ரிஜிஸ்டரில் முயலுக்குக் கட்டம் கிடையாது. "இதர" என்ற கட்டத்தில் எழுதினேன். அவள் ஊர் இரண்டு மைல்தான். சைக்கிள் இருந்தது. போய், "தப்பு உங்க கைல இல்ல தாயி" என்று ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருஷம் ஓடியது.

2. மாசி வேட்டை

இரண்டு வருஷத்தில் நான் முயல்குட்டி விஷயத்தில் பெரிய ஆள் ஆகிவிட்டேன். அறுப்புக் காலத்தில் யார் குட்டி கொண்டுவந்தாலும் டாக்டர் சொன்னதை என் சரக்குபோல அவிழ்த்துவிடுவேன். எடுத்த இடத்திலேயே விடு, அந்திக்குத் தாய் வரும், தூர இருந்து பார். அப்படி ஐந்தாறு குட்டிகள் பிழைத்தன. ரிஜிஸ்டரில் "எடுத்த இடத்தில் விடப்பட்டது" என்று எழுதும்போது எனக்கே ஒரு பெருமை.

மாசி மாதம் ஒரு காலை, பேச்சியம்மாளின் கணவன் முத்துக்காளை ஒரு ஓலைப் பெட்டியோடு வந்தான். பின்னால் அவள். வயிற்றில் ஏழு மாதம். பெட்டியில் ஒரே ஒரு முயல்குட்டி, காதைப் படியவிட்டுச் சுருண்டு கிடந்தது.

"காட்டுல கெடந்துச்சுய்யா. எப்படியாச்சும் பொழைக்க வைக்கணும்" என்றான் முத்துக்காளை.

மீதியை அவள் சொன்னாள். "நான் தொடவே இல்லய்யா. இவரைத்தான் தூக்கியாரச் சொன்னேன். இது பொழைச்சுக்கிட்டா எனக்கு இந்தத் தடவ தங்கிரும்னு மனசுக்குள்ள ஒரு நெனப்பு."

என் பழைய பேச்சை அவள் மறக்கவில்லை என்று அப்போது புரிந்தது. அதைத் திருத்த இதுதான் வழி என்று எனக்கு உற்சாகம் பொங்கியது. "தொட்டாலும் ஒண்ணும் ஆகாது தாயி. எடுத்த எடத்துலயே விட்டுருங்க. அந்திக்கு ஆத்தா வரும்."

"நெசமா வருமாய்யா?"

"கட்டாயம் வரும்."

முத்துக்காளை பிடரியைத் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன்போல என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டான். போகும்போது அவள் குனிந்து குட்டியின் முதுகை ஒரு விரலால் தடவினாள். நான்தான் தொடலாம் என்று சொல்லிவிட்டேனே.

மூன்றாம் நாள் முத்துக்காளை தனியாக வந்தான். "போயிருச்சுய்யா" என்றான்.

"தாய் வரலியா?"

"வராதுய்யா. அதத்தான் ஊர்ல பங்கு போட்டோம்."

மாசியில் சாமி கும்பிட்டு ஊர்கூடி முயல் வேட்டைக்குப் போவது அங்கே வழக்கம். வலையைக் கட்டி, தடியோடு புதர் புதராக விரட்டுவார்கள். கிடைத்ததை வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள். எனக்குத் தெரியாத விஷயமில்லை. அவர்கள் பெட்டியோடு வந்ததற்கு முந்தின நாள் அவர்கள் ஊரில் வேட்டை என்பதும் தெரியும். தமுக்குச் சத்தம் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டது.

"என் வலையிலதான் விழுந்துச்சு. அறுக்கையில பாத்தா காம்புல பாலு. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. விடிஞ்சதும் போயி அந்தப் பக்கம் பூராம் தேடுனேன். ஒண்ணுதான் கெடச்சுச்சு."

"ஏப்பா, இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"புள்ளத்தாச்சி இருக்கிற வீடுன்னு எங்களுக்கு ரெண்டு பங்கு குடுத்தாகய்யா. அவதான் ஆசையாச் சாப்ட்டா. அவள வச்சுக்கிட்டு எப்படிச் சொல்ல? என்னையத் தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா சொல்லியிருப்பேன்."

நான் கேட்கவில்லை. தாய் என்ன ஆச்சு என்று கேட்காமலே தாய் வரும் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

"ரெண்டு அந்தியும் கெணத்து மேட்டுல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாய்யா. நான் கூப்ட்டும் வரல. நேத்து அந்தியில கிட்டப் போயிப் பாத்தோம். எறும்பு மொய்ச்சுக் கெடந்துச்சு. கறி சமாச்சாரம் அவளுக்குத் தெரிய வேணாம்யா" என்று கும்பிட்டான்.

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். "எடுத்த இடத்தில் விடப்பட்டது." அதை அடித்து எழுதக் கை வரவில்லை. இன்னும் எந்தப் பரணிலாவது அப்படியேதான் இருக்கும்.

3. மடிநோய் கண்ட மாடு

வைகாசியில் குழந்தை பிறந்தது, நல்லபடியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அப்பாடா என்று இருந்தது. ஆனி மாதம் இருவரும் மாட்டோடு வந்தார்கள். மாட்டுக்கு மடிநோய்.

மாட்டைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். குழந்தை முத்துக்காளையின் தோளில் இருந்தது. அந்தக் காலத்தில், அந்த ஊரில், பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதியில் வரும் ஆம்பளையை நான் பார்த்ததில்லை. நான் மடியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளை வீறிட்டு அழுதது. அவள் மாட்டுக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"புள்ளைய வாங்குங்க தாயி, பசிக்குது போல" என்றேன்.

"அவரே புடிச்சுக்கிருவாருய்யா. பால் குடுக்கையிலகூட அவர்தான் புடிச்சுக்கிறாரு. நான் கை வைக்கிறதில்ல."

"ஏன்?"

"நீங்கதானய்யா சொன்னீக, என் கை பட்டதுனால தங்கலன்னு. அடுத்த தடவ, தொட்டாலும் பரவால்லன்னீக. வயித்துப்புள்ளக்காரி மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருக்கீக, எனக்குத் தெரியாதா? ஒரு விரல்தான் வச்சேன். அதோட ஆத்தா வரவே இல்ல பாத்தீகளா."

அவளுக்குப் பின்னால் முத்துக்காளை, சொல்லிவிடாதீர்கள் என்று தலையை ஆட்டினான். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நரி புடிச்சிருக்கும் தாயி" என்றேன்.

அவள் சிரித்தாள். நம்பாதவர்கள் மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு. மடிக்குத் தடவ மருந்து கொடுத்தேன். மாட்டைப் பிடித்துக்கொண்டு அவளும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனும் வெயிலில் போனார்கள். ஆடியில் எனக்குப் பழனிப் பக்கம் மாற்றல் வந்தது.

முயல்குட்டியைக் கண்டால்

வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குட்டி தனியாகக் கிடந்தால் அது அனாதை என்று அர்த்தமில்லை. தொடாமல் விடுங்கள். எடுத்துவந்துவிட்டால் அன்றே கொண்டுபோய் அதே இடத்தில் விடச் சொல்லுங்கள். கை பட்டதால் தாய் ஒதுக்காது. ஆனால் அதற்கு முன்னால், தாய் என்ன ஆச்சு என்று கேளுங்கள். கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர் என்றால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். தாய் செத்தது உறுதி என்றால் மட்டும் ஆட்டுப்பால், வெதுவெதுப்பாக, துணித்திரியில் சொட்டுச் சொட்டாக. குட்டி குப்புறப் படுத்திருக்க வேண்டும், தலையைத் தூக்கவே கூடாது. கதகதப்பான, சத்தமில்லாத பெட்டி. அவ்வளவு செய்தும் பாதி போய்விடும். இந்தக் காலத்தில் முதலில் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

இது முயலுக்கு. மற்றதை எந்த ட்ரெய்னிங்கிலும் சொல்லித் தரவில்லை. அவர்கள் மாட்டோடு வந்த அன்றைக்கு என்னிடம் இரண்டு உண்மைகள் இருந்தன. ஒன்று முத்துக்காளையுடையது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இன்னொன்று என்னுடையது. முதல் இரண்டு குட்டியும் என் கையால் செத்தது, அதை மறைக்கத்தான் உங்கள் கையைச் சொன்னேன் தாயி என்று அவளிடம் சொல்ல ஒரு நிமிஷம் போதும். யார் ரகசியமும் உடைந்திருக்காது. அந்தப் பிள்ளையை அவள் வாங்கியிருப்பாள்.

பழனியிலிருந்து திண்டுக்கல்லுக்கு எத்தனையோ தடவை பஸ்ஸில் வந்திருக்கிறேன். ஸ்டாண்டில் குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏறும் அந்த ஊர்க்காரர்களைப் பார்த்திருக்கிறேன். பேச்சியம்மாள் பிள்ளையைத் தூக்கினாளா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. பயம்தான்.