கல்லில் காலியாக விட்ட இடம்

மிலுங்காவின் ஓவன் நவம்பர் கடைசியில் செத்துப்போனது. உள்ளே பூசணிக்காய் பணியாரம் பாதி வெந்திருந்த நேரம். ரிப்பேர்க்காரர் வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். "இதுக்கு நான் வேண்டாம்மா, பாதிரியாரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்துபோன கூலியை மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

வேறு மாதமாக இருந்தால் மிலுங்கா கவலைப்பட்டிருக்க மாட்டாள். தனியாளுக்கு ஒரு சூப் போதும். ஆனால் டிசம்பர் பத்தொன்பது ஸ்லாவா. அவர்கள் குடும்பத்துக்குக் காவலான புனித நிக்கோலாவின் நாள். அதற்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை. வருகிறவர்கள் தாங்களாக வருவார்கள், எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. நோன்புக் காலமாதலால் கறி, முட்டை, பால் ஆகாது. சாவா ஆற்றுக் கெண்டை, மண்சட்டியில் சுட்ட வெள்ளை பீன்ஸ், மேலே சிலுவை வைத்த ரொட்டி. மூன்றும் ஓவனுக்குள் போய்த்தான் வரவேண்டும்.

விஷயம் கேள்விப்பட்டதும் மகன் நெபோய்ஷா நோவி சாத் நகரத்திலிருந்து போன் செய்தான்.

"அம்மா, இந்த வருஷம் எங்க வீட்டுலயே வெச்சுக்கலாம். தியானா எல்லாம் பாத்துக்குவா. நான் வந்து சாமி படத்தை எடுத்துக்குறேன்."

"படத்தை எதுக்குடா எடுக்குற? அதுக்கு இங்க ஆணி இருக்கு."

"உனக்கும் வயசாயிடுச்சில்ல..."

"எனக்குத் தெரியாம எப்ப ஆச்சு?" என்று கேட்டு போனை வைத்துவிட்டாள்.

மகன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் கிழக்குச் சுவரில் இருக்கும் புனிதர் படம் எந்த வீட்டுக்குப் போகிறதோ, ஸ்லாவாவும் அந்த வீட்டுக்குப் போய்விடும். போனது திரும்பாது. அடுத்த வருஷத்திலிருந்து அவள் மருமகள் வீட்டு மேசையில் ஓரமாக உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் மீன் வைக்கட்டுமா அத்தை?" என்று கேட்கப்படுகிற விருந்தாளி. கணவன் ஒப்ராட் போன பிறகும் நான்கு வருஷம் அந்த வாசலைத் திறந்தே வைத்திருந்தவள் அவள்.

மறுநாள் கடைக்குப் போனாள். நாலு பர்னர், பெரிய ஓவன், தவணை வசதி. அவளிடம் வங்கிக் கார்டு இருந்தது. அதில் தவணை போட்டுத்தான் துணி துவைக்கும் மெஷினையும் மூக்குக் கண்ணாடியையும் வாங்கியிருந்தாள். கடைப்பையன் கார்டைச் செருகினான். திரும்பச் செருகினான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"எடுக்கலை அம்மா. லிமிட் பத்தலைன்னு வருது."

"நல்லாத் துடைச்சுப் போடுப்பா."

துடைத்தும் எடுக்கவில்லை. அவள் கார்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராக வங்கிக்கு நடந்தாள்.

வங்கியில் நெவேனா என்றொரு பெண், நல்ல பெண்தான். திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எண்பதாயிரம் தினார் லிமிட் இருந்துச்சும்மா. இப்ப பத்தாயிரம். போன மாசம் உங்களுக்கு எழுபத்தஞ்சு முடிஞ்சுதில்ல? தானா குறைஞ்சிடும்."

"யார் குறைச்சா?"

"யாரும் இல்லம்மா. சிஸ்டம்."

"நான் ஒரு தவணையாவது தப்பியிருக்கேனா, பாரு."

நெவேனா கீழே உருட்டிப் பார்த்தாள். "ஒண்ணுகூட இல்லம்மா."

"அப்ப நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பு ஒண்ணும் இல்ல. வயசுதான். உங்க பாதுகாப்புக்காகத்தான் இந்த விதியே. உங்க மகன் ஜாமீன் போட்டா, தனியாக் கடன் தரலாம்."

மிலுங்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"பொண்ணே, ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில உக்காந்து அவனுக்கு நான் ஜாமீன் போட்டேன். அவன் கார் வாங்கினான். அவன் கட்டாத தவணையை ரெண்டு குளிர்காலம் என் பென்ஷன்லதான் பிடிச்சீங்க. அன்னிக்கு எனக்கு வயசு பதினெட்டா?"

நெவேனா திரையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். "எனக்குப் புரியுதும்மா. ஆனா இதை மாத்துற பொத்தான் என் கையில இல்ல."

"என்னைக் காப்பாத்தணும்னா அன்னிக்குக் காப்பாத்தியிருக்கணும்" என்று எழுந்தாள் மிலுங்கா. வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "உன்னைச் சொல்லலை" என்றாள். அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. அழ வைப்பதற்காக அவள் வங்கிக்குப் போகவில்லை.

வீட்டுக்கு நடக்கையில் யோசித்துப் பார்த்தாள். வங்கிக்காரன் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. ஒப்ராட் சூப் குடித்து முடித்தார், காப்பி வருவதற்குள் போய்விட்டார். அவளும் அப்படிப் போகலாம். ஆனால் கார் வாங்கிய மகனும் நாளைக்குப் போகலாம், ரோட்டில் என்ன நடக்கும் என்று யார் கண்டது? ஏதாவது தப்பு செய்து, அதற்காகத் தவணை மறுத்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். பிறந்த தேதியை அவளால் என்ன செய்ய முடியும்? அதைத் தவணையில் அடைக்க வழியுண்டா?

சனிக்கிழமை ஒப்ராட்டின் கல்லறையைத் துடைக்கப் போனாள். கறுப்புக் கல், இரண்டு பேருக்கானது. இடப்பக்கம் ஒப்ராட்: பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், சட்டைக் காலரோடு ஒரு பீங்கான் படம். வலப்பக்கம் மிலுங்கா: பெயர், பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்புறம் வெறும் கல். ஊரில் எல்லோரும் இப்படித்தான் செய்துவைப்பார்கள், பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாதென்று. தன் பக்கத்துப் படத்துக்கும், சுற்றி விளிம்புக்கல் பதிக்கவும், விளக்குக் கூண்டுக்கும் அவள் கல்வெட்டுகிற ரட்கோவிடம் இரண்டு வருஷமாகத் தவணை கட்டிவந்தாள்.

ஈரத்துணியோடு அந்த வெறும் இடத்தைத் துடைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். துணியை வாளியில் போட்டுவிட்டு மயான வாசலில் இருந்த ரட்கோவின் பட்டறைக்குப் போனாள்.

"ரட்கோ, விளிம்புக்கல் வெட்டிட்டியா?"

"வசந்தத்துலதான் அக்கா. தரை உறைஞ்சு கெடக்கே."

"வெட்டாத. நான் கட்டினதைத் திருப்பிக் குடு."

ரட்கோ உளியைக் கீழே வைத்தான். "முப்பது வருஷமாக் கல்லு வெட்டுறேன். கல்லறைக் காசைத் திருப்பிக் கேட்டு ஒருத்தர்கூட வந்ததில்லையே அக்கா."

"அவங்களால வர முடியாது. என்னால முடிஞ்சுது, வந்துட்டேன்."

"எதுக்குன்னு கேக்கலாமா?"

"அடுப்பு வாங்க. வங்கியில என் வயசுக்குத் தவணை இல்லையாம். நீ எனக்குத் தவணை குடுத்தப்ப வயசு கேட்டியா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? கல்லுலயே வெட்டி வெச்சிருக்கேனே."

"அதான். நீ கடைசி வருஷத்தைக் காலியா விட்ட. அவங்க அதையும் வெட்டிட்டாங்க."

ரட்கோ கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு தலைக்குமேல் பலகையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தான். "இது மட்டும் சுட்டாச்சு அக்கா. இதுக்குக் கழிச்சுக்குறேன், மீதியை எண்ணித் தரேன்." உள்ளே முட்டை வடிவப் பீங்கானில் மிலுங்கா இருந்தாள். யாரோ கல்யாணத்தில் எடுத்த படம், முடி சுருட்டிவிட்டு, உதட்டுச் சாயத்தோடு.

பக்கத்து வீட்டு தேசங்கா விஷயம் தெரிந்ததும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "கல்லறையில போட்டதை எடுக்கலாமாடி? அபசகுனம்!"

"நீ வராத அப்ப. மீன் மிச்சமாகும்."

ஸ்லாவாவன்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது தேசங்காதான்.

புது ஓவன் காலையிலிருந்து ஓயவில்லை. நெபோய்ஷாவும் தியானாவும் பத்து மணிக்கு வந்தார்கள். தியானா வந்ததும் ஏப்ரன் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவ நின்றாள். பாதிரியார் வந்து ரொட்டிக்கு மந்திரித்துப் போனார். நெபோய்ஷாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வழக்கப்படி ரொட்டியைச் சுற்றித் திருப்பி உடைத்தார்கள். படம் அதே ஆணியில் இருந்தது. அவனும் அதைப் பற்றிப் பேச்சை எடுக்கவில்லை. அடுப்பு எப்படி வந்தது என்று மட்டும் இரண்டு தடவை கேட்டான். அவள் இரண்டு தடவையும், "கடையிலேர்ந்து, வண்டியில" என்றாள்.

மத்தியானம் ஒயின் தக்கையைத் திறக்கும் திருகியைத் தேடி மேசை டிராயரை இழுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். கையில் பீங்கான் படம்.

"அம்மா, இது... கல்லுல இருக்க வேண்டியதாச்சே."

"ஆமா. விளிம்புக்கல்லும் வரலை, விளக்கும் வரலை. எல்லாம் அங்க வெந்துக்கிட்டிருக்கு" என்று ஓவனைக் காட்டினாள்.

அவன் அடுப்பைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். கார் தவணை ஞாபகம் வந்திருக்க வேண்டும், காது சிவந்துபோனது. "என்கிட்டக் கேட்டிருக்கலாமேம்மா. நான் செஞ்சு குடுத்திருப்பேன். அந்த வேலையை நான் முடிக்கிறேன்."

"முடி. இப்ப அவசரமில்ல. ரட்கோகிட்ட சொல்லித் தவணையில போட்டுக்கோ. உனக்குத்தான் வயசு இருக்கே."

தேசங்கா பிளம் சாராயம் புரையேறும்படி சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. படத்தைக் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி டிராயரின் அடியில் வைத்தான்.

வாசலில் மணி அடித்தது. யாரென்று தெரியாது, எத்தனை பேரென்றும் தெரியாது.

"தியானா, ரெண்டாவது சட்டியை வெளிய எடும்மா" என்றபடி மிலுங்கா கதவைத் திறக்கப் போனாள்.