பலகையைப் பிடுங்கியது யார்?

பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும், இதில் இவருக்கு என்ன ஆதாயம் என்றுதான் மனம் முதலில் தேடும். செத்துப்போன அண்ணனின் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வந்த தம்பியைப் பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டே பொய் சொன்னவர்கள் உண்டு. அதனால் என் சந்தேகத்தை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. அது என் திறமை என்றே நம்பியிருந்தேன்.

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். கீழே அக்கா, அத்தான், கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள். அத்தான் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதிலும் காலை ஆறு மணிக்குத் தாமிரபரணியில் குதித்து, அக்கரை தொட்டுத் திரும்புவார். சீவலப்பேரியில் ஆற்று வெள்ளத்தில் சிக்கிய ஒரு பசுவை நீந்திப் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தவர். அந்தக் கதையை வீட்டுக்கு யார் வந்தாலும் ஒருமுறை சொல்லாமல் விடமாட்டார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் காரில் கடலுக்குப் போனோம். கூடங்குளம் தாண்டி, மீனவர் ஊர் ஒன்றின் ஓரத்தில் ஆளில்லாத கடற்கரை. அத்தானுக்கு யாரோ சொல்லியிருந்த இடம். அவர்கள் மூவரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு முன்னே போனார்கள். நான் செருப்பு வார் அறுந்துபோய்ப் பின்தங்கிவிட்டேன்.

வழியில் ஒரு அம்மாள் மணலில் வலை விரித்துக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"குளிக்கவா போறிய?"

"ஆமா."

"அங்கன எறங்காதிய. இழுப்பு கெடக்கு. தெக்க நாலு எட்டு நடந்தா கோயில் இருக்கு, அந்தப் பக்கம் குளிங்க. எங்க பிள்ளைகளெல்லாம் அங்கனதான் குளிக்கும்."

நான் தெற்கே பார்த்தேன். கோயிலுக்கு அருகே இரண்டு மூன்று கடைகள் தெரிந்தன. கார் நிறுத்தச் சீட்டு கொடுக்கும் ஒரு ஆளும் நின்றான். நாங்கள் போகிற பக்கத்தில் ஒரே ஒரு டீக்கடைதான். எனக்கு உடனே விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு நேராகவே நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் ஒரு பெட்ஷீட்டைக் கட்டி நிழல் போட்டிருந்தார். மணலில் நட்டிருந்த இரண்டு இரும்புக் கம்பிகளின் தலைப்பகுதியில் அதைச் சுற்றிப் போர்த்தி, மீதியைக் கூடாரம் மாதிரி விரித்து, முனைகளைக் கல் வைத்து நிறுத்தியிருந்தார். வலை உலர்த்துகிற கம்பியாக இருக்கும் என்று நினைத்து அதன் கீழே உட்கார்ந்தேன்.

"வழியில ஒரு அம்மா இங்க குளிக்காதீங்கன்னு சொன்னா" என்றேன்.

அக்கா பதறினாள். "ஏனாம்?"

"அந்தப் பக்கம் அவ ஆளுக கடை போட்டிருப்பாக. நம்மள அங்க தள்ளிவிடப் பாக்கா. எனக்குத் தெரியாதா இந்த வேலையெல்லாம்?"

அத்தான் சிரித்தார். "பாரேன், எல்லா எடத்துலயும் அலை ஆளு உயரத்துக்கு அடிக்கு. இங்க மட்டும் தெப்பக்குளம் மாதிரி கெடக்கு. இதப் போயி வேண்டாம்ங்காளே."

அவர் சொன்னது உண்மைதான். எங்களுக்கு நேர் எதிரே மட்டும் அலை உடையவில்லை. இரண்டு பக்கமும் நுரை புரண்டுகொண்டிருக்க, நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு நீர் கறுத்து அமைதியாக இருந்தது. ஆற்றங்கரையில் வளர்ந்த எங்களுக்கு அமைதியான நீர் என்றால் நல்ல நீர்.

அத்தான் இறங்கினார். இடுப்பளவு, மார்பளவு, அப்புறம் நீந்தத் தொடங்கினார். ஒருமுறை திரும்பிக் கையை ஆட்டினார். அக்கா மகளும் பதிலுக்குக் கையை ஆட்டினாள். நான் பையிலிருந்து புளியோதரைப் பொட்டலங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி நிமிர்ந்தபோது அவர் தலை ஒரு தேங்காய் அளவுக்குச் சிறுத்திருந்தது.

"இவ்வளவு தூரம் எதுக்குப் போறாவ?" என்றாள் அக்கா.

அவர் போகவில்லை. கரையைப் பார்த்துத்தான் நீந்திக்கொண்டிருந்தார். கைகள் மாறி மாறி விழுவது தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனார். பிறகு கைகள் நின்றுபோய், ஒரு கை மட்டும் மேலே வந்தது. அது எங்களுக்குக் கையாட்டுவது இல்லை என்று மூவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

நான் தண்ணீர் ஓரத்துக்கு ஓடி, என்ன சொல்கிறேன் என்று தெரியாமல் கத்தினேன். டீக்கடைக்காரர் விசில் அடித்தார். படகு பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அதில் இளையவர் மூடிய பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி அணைத்துக்கொண்டு, நேராக அந்தக் கறுத்த நீருக்குள்ளேயே பாய்ந்தார். மூத்தவர் கயிற்றின் மறுமுனையோடு கரையிலேயே நின்றுகொண்டார். அந்த நீரின் இழுப்பே இளையவரை அத்தானிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அத்தானைக் கேனைப் பிடிக்கவைத்து, கரையை நோக்கி வராமல், கரைக்கு இணையாக வடக்கே நீந்தினார். நுரை புரளும் இடம் வந்ததும் அலையே இருவரையும் தூக்கிக் கரையில் எறிந்தது. எறிந்த வேகத்தில் அந்த மனிதருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அவர் மணலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவருக்கு மூச்சு இருக்கா பாருங்க" என்றார்.

மூச்சு இருந்தது. பெட்ஷீட்டை உருவி அத்தானைச் சுற்றி, காரில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நுரையீரலில் உப்புநீர். பத்து நாள் படுக்கை.

தோள் இறங்கியவருக்கு அதே ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். வராந்தாவில் அவரிடம் பேசினேன். ஒன்றரை மாதம் கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கரைக்கு வார தண்ணி பூராவும் திரும்பிப் போகணும்லாம்மா? அது போற வழிதான் அந்தச் சும்மா கெடக்குற எடம். அதை எதுத்து எவனும் நீந்த முடியாது. பக்கவாட்டுல ஒதுங்கணும். இல்லன்னா மெதந்துக்கிட்டுக் கைய தூக்கணும். அங்கன போர்டு வச்சிருக்கே, பாக்கலியா?"

"போர்டா? அங்க போர்டு எதுவும் இல்லையே!"

அவர் என்னையே பார்த்தார்.

அந்தப் பார்வை என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு பஸ் ஏறி அதே கடற்கரைக்குப் போனேன். போர்டு இல்லை. கம்பியும் இல்லை. டீக்கடையைச் சுற்றி நடந்தேன். பின்பக்கச் சுவரில், எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி ஒரு தகரப் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். 'ஆபத்தான நீரோட்டம். இங்கே குளிக்காதீர்கள்.' சிவப்பு எழுத்து.

கடைக்காரர் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர்.

"அன்னைக்கு விழுந்துட்டும்மா. பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்னு எடுத்து வச்சேன். வந்து நடச் சொல்லிப் பஞ்சாயத்துல சொல்லியாச்சு, ஒருத்தரும் வரல."

எவ்வளவு தயாரான பதில்! குளிக்க ஆள் வந்தால்தானே டீ விற்கும்? போர்டு இருந்தால் யார் வருவார்? கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அந்த வாரமே நான்கு பக்க மனு எழுதினேன். எழுதுவது என் தொழில். தேதி, நேரம், படம், அவர் சொன்ன வார்த்தை எல்லாம் வரிசையாக வைத்து, லாபத்துக்காக எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கி ஒளித்தவர் என்று குற்றம் சாட்டினேன். திங்கட்கிழமை மனு நாளில் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் நேரில் கொடுத்தேன்.

வீட்டில் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டவும் செய்தேன். அக்கா, "விடாத" என்றாள். அத்தான் கண்ணை மூடிப் படுத்திருந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

ஒரு மாதத்தில் விசாரணை வந்தது. கடை அனுமதி இல்லாமல் நடக்கிறது என்று சொல்லி அதை மூடிவிட்டார்கள். தகவல் தெரிந்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

மூன்று மாதம் கழித்து, அக்கா மகள் தன் பிறந்தநாளுக்காகப் பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கடற்கரைக்குப் போய் இறங்கியவுடன் அவள் எடுத்த செல்ஃபி ஒன்று வந்தது. முன்னால் அவள் முகம். தோளுக்குப் பின்னால் அத்தான் பெட்ஷீட்டை உதறிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு எதிரே ஒரு பலகை. எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகத் திரும்பியிருந்தன. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. நான் எழுத்தெழுத்தாகத் திருப்பி வாசித்தேன். சிவப்பு எழுத்து.

நான் நிழலுக்கு உட்கார்ந்திருந்தது வலைக் கம்பியின் கீழே இல்லை.

அன்று சாயங்காலம் அக்கா கடைக்குப் போயிருந்த நேரத்தில் படத்தை அத்தானிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"துணி கட்டுன அவசரத்துல கவனிக்காம இருந்திருப்பீங்க" என்றேன். அவருக்கு நானே ஒரு வழி வைத்துக் கொடுத்தேன்.

"இல்ல. வாசிச்சேன்."

"என்னது?"

"வாசிச்சிட்டுத்தான் துணியப் போட்டேன். உங்க அக்கா பின்னால வந்துக்கிட்டிருந்தா, பாத்தா எறங்க விடமாட்டாளே. ஆத்தங்கரையில எத்தனை போர்டு பாத்திருக்கேன், இதெல்லாம் நீச்சல் தெரியாதவனுக்குன்னு நெனச்சேன்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கயித்தோட மறுமுனைய அந்தக் கம்பியிலதான் கட்டியிருந்தாங்களாம். கயிறு இழுத்த இழுப்புலதான் போர்டு சாஞ்சுட்டு. ஆஸ்பத்திரியில அந்தத் தம்பி சொன்னான்" என்றார்.

"மனுவ வாசிச்சப்ப முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

"முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

எனக்குக் கோபம் அவர் மீது வந்தது. அது பாதி வழியிலேயே என் பக்கம் திரும்பிவிட்டது. அவர் ஒரு பலகையை மூடினார். நான் ஒரு மனுஷியின் வாயை மூடினேன், அதுவும் அக்கா காதில் விழும்படி. அந்த அம்மாள் சொன்னதை நான் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அக்கா அத்தானைத் தண்ணீரில் கால் வைக்க விட்டிருக்கமாட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நானும் அத்தானும் அந்த ஊருக்குப் போனோம். கருவாட்டு அம்மாளைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்னை நினைவே இல்லை. "வாரத்துக்கு எத்தனையோ பேருட்ட சொல்லுதோம்மா. கேக்கவும் செய்யுதாவ, கேக்காமயும் போறாவ" என்று சொல்லிவிட்டுக் காக்கையை விரட்டப் போய்விட்டார்.

டீக்கடைக்காரர் வீட்டு வாசலில் நின்றபடியே பேசினார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"இப்ப எதுக்கு வந்திருக்கிய? யாரு அனுப்புனா?"

அத்தான் நடந்ததைச் சொன்னார். பலகை, பெட்ஷீட், வாசித்தது, எல்லாம். கடைக்காரர் அவரை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அங்கன போயிச் சொல்லுங்க. சொல்லுவியளான்னு பாப்போம்."

திங்கட்கிழமை வரிசையில் நின்றோம். அதிகாரி என் பழைய மனுவையும் புதிய மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "யாரும் மிரட்டுனாங்களாம்மா? பயப்படாம சொல்லுங்க" என்றார்.

அவரைக் குறை சொல்லமுடியாது. அவர் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அத்தான் எனக்கு முன்னால் வந்தார். நுரையீரல் கெட்ட பிறகு அவருக்குக் குரல் சரியாக வருவதில்லை. ஆனாலும் பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னார்.

"யாரும் மிரட்டல சார். போர்டு இருந்துச்சு. நான் வாசிச்சேன். வாசிச்சிட்டு மூடிட்டு எறங்குனேன். அந்தக் கடைக்காரர் விசில் அடிக்கலன்னா இப்ப உங்க முன்னால நிக்கமாட்டேன்."

கடைக்கு அனுமதி கிடைத்துத் திறக்க இன்னும் ஏழு வாரம் ஆனது. பலகையை ஒரு ஆள் உயரத்துக்கு மேலே, துணி கட்ட எட்டாதபடி நட்டார்கள். அக்கா அத்தானிடம் ஒரு வாரம் பேசவில்லை. என்னிடம் அதைவிடக் கூடுதல் நாள் பேசவில்லை. அது நியாயம்தான்.

மனு கொடுத்துவிட்டு அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் அவரிடம் ஒன்று கேட்டேன்.

"அந்தப் படம் எங் கண்ணுல படலைன்னா சொல்லியிருப்பீங்களா அத்தான்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரியலம்மா. சொல்லியிருப்பேன்னு இப்ப சொல்லலாம். நீ நம்புவியா?"

நம்பியிருக்கமாட்டேன். தெரியவில்லை என்று அவர் சொன்னதைத்தான் நம்பினேன். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே டிக்கெட் எடுத்தேன்.