கிளீட்டஸ் வாங்கிய கப்பல்கள்

இனயத்தில் பிறந்துவிட்டு கடல் ஒத்துக்கொள்ளாமல் போவது லேசான கஷ்டம் இல்லை. கிளீட்டஸுக்கு அது பதினாறு வயதில் தெரிந்துபோனது. அப்பா மத்தியாஸின் வள்ளத்தில் மூன்று தடவை ஏறினான், மூன்று தடவையும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. நான்காவது தடவை அப்பாவே அவனைக் கூப்பிடவில்லை. சுனாமிக்குப் பிறகு கரைக்குப் புதிய ஃபைபர் படகுகள் வந்தன. அவன் வயசுக்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு படகில் பங்கு சேர்ந்தபோது, இவன் பஸ் ஏறி மார்த்தாண்டத்துக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போனான். அப்புறம் இரண்டு வருஷம் ஷார்ஜாவில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. திரும்பி வந்து 2009-இல் புதுக்கடை ஜங்ஷனில் ஆறு சிஸ்டம் போட்டு பிரவுசிங் சென்டர் திறந்தான்.

ஊரில் அவன் 'கடலுக்குப் போகாதவன்'. புதுக்கடைக்கு வந்தால், கடற்கரையிலிருந்து வந்த 'கடப்புறத்தான்'. எங்கே போனாலும் ஆளுக்கு முன்னால் ஒரு பட்டம் போய் உட்கார்ந்திருக்கும். நாராயணபெருமாள் ஒருவனுக்குத்தான் அவன் வெறும் கிளீட்டஸ்.

நாராயணபெருமாள் பக்கத்துக் கடைக்காரன். ரீசார்ஜ், செல்போன் பழுது பார்ப்பது எல்லாம் உண்டு. ஜங்ஷனிலிருந்து ஒரு மைல் உள்ளே வீடு. அய்யாவழிக் குடும்பம், அவர்கள் கும்பிடப் போகிற ஊர்த் தாங்கலில் ஞாயிறு மத்தியானம் உச்சிப்படிப்பு என்கிற வழிபாட்டுப் பாட்டைப் படிக்கிறவர் அவனுடைய அப்பாதான். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. கட்டினவன் மூன்றடி மிச்சம் பிடித்துவிட்டான். அந்த மூன்றடி இடைவெளி வழியாக ஒரு லேன் கேபிளை இழுத்துப் போட்டான் கிளீட்டஸ். அதில்தான் இருவரும் விளையாடினார்கள்.

விளையாட்டு, ஷார்ஜாவிலிருந்து அவன் கொண்டுவந்த 'நாடு பிடிக்கிற கேம்'. ஆளுக்கொரு ராஜ்ஜியம். கிளீட்டஸுக்குக் கடற்கரை: முத்து, கருவாடு, துறைமுகம். நாராயணபெருமாளுக்கு மலை: மிளகு, இரும்பு. ஒருவன் பொருளை இன்னொருவன் வாங்க வேண்டும். இரும்பு கிடைத்தால் ஈட்டிக்காரனை வாள்காரனாக ஏற்றலாம். சாதாரணப் படகைப் பீரங்கிக் கப்பலாக ஏற்றலாம். மதமும் உண்டு. யாரோடு வியாபாரம் வைக்கிறோமோ அவன் மதம் மெல்ல நம் ஊருக்குள் நடந்து வந்துவிடும். ஒரே மதத்துக்காரர்களுக்குக் கப்பலை ஏற்றப் பாதி இரும்பு போதும். கேமை எழுதினவன் யாரோ, உலகத்தைக் கொஞ்சம் பார்த்தவன்தான்.

கேமில் ஊர்களுக்கு நாமே பேர் வைக்கலாம். கிளீட்டஸ் தன் துறைமுகத்துக்கு இனயம் என்று வைத்தான். நாராயணபெருமாள் இரும்புச் சுரங்கம் இருந்த ஊருக்குக் கீரிப்பாறை என்று வைத்தான், அவன் தம்பி அனீஷ் அங்கே ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்த்ததால். மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் இருவரும் சுவருக்கு மேலே கத்திக் கத்திப் பேரம் பேசுவார்கள். ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கே யார் ஜெயிக்கிறான் என்று தெரியும்.

2011 ஜூன் மாதம் ஒருநாள் கடை அடைக்கும் முன்னால் நாராயணபெருமாள் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். அன்று அவன் குரல் சுவரைத் தாண்டுகிற குரலாக இல்லை.

"அனீஷ் ஒரு செபக் கூட்டத்துல சேந்துட்டான். எஸ்டேட்டுல ஆரோ கூட்டிட்டுப் போயிருக்கான். நெத்தியில நாமம் போடல்ல. கேட்டா கண்ணீரு விட்டுக் கரைஞ்சிட்டு நிக்கான். அப்பா, ஊருல கேக்கவங்ககிட்ட அவனுக்கு டியூட்டி, லீவு கிடைக்கல்லன்னு சொல்லிட்டு நடக்காரு. இது வெளிய வந்தா அப்பாவால தாங்கலுக்குள்ள காலு வச்சு நிக்க ஒக்காது."

"எங்கிட்ட சொன்னது இங்கயே கெடக்கும்," என்றான் கிளீட்டஸ். அப்போது அதை மனசார்த்தான் சொன்னான். இத்தனை நம்பி ஒருத்தன் தன்னிடம் வந்து சொன்னானே என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் போனது. ஜூலையில் ஒரு மழைநாள். பாஸ்போர்ட் விண்ணப்பம் போட வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் கிளீட்டஸ் கடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சுயம்புலிங்கம் என்று ஒருவர், நாராயணபெருமாளின் ஊர்க்காரர். மகனுக்கு மஸ்கட்டில் விசா வந்திருந்தது. நெட் இழுத்துக்கொண்டிருந்தது, பக்கம் திறக்கவில்லை. சும்மா இருக்கிற நேரத்தில் கிளீட்டஸ் கேமைத் திறந்தான். கேமில் அவனுக்கு நேரம் சரியில்லை. கொள்ளைக் கப்பல்கள் வந்து இரண்டு துறைமுகத்தை எரித்துவிட்டன. இனயம் மட்டும் பாக்கி.

"மக்கா, இரும்பு விடு," என்றான் சுவரைப் பார்த்து.

"இரும்பு இல்ல," என்று பதில் வந்தது.

"பொய் சொல்லாத. உனக்க கீரிப்பாறையில குவிஞ்சு கெடக்கு."

"கெடக்கும். கெஞ்சு. தாரேன்."

கெஞ்சினான். இன்னும் நல்லா கெஞ்சு என்றான் அவன். இது வழக்கமான விளையாட்டுத்தான். ஆனால் அன்றைக்குப் பார்க்க எட்டுப் பேர் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையில் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு ராஜாவின் ஓலை வந்தது: எங்கள் மதத்தில் சேருங்கள், எங்கள் கப்பல்கள் உங்களைக் காக்கும், உங்கள் படகுகளைப் பாதி இரும்பில் ஏற்றிக்கொள்ளலாம். கிளீட்டஸ் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சம்மதம் என்று அமுக்கினான். மக்கள் அனைவரும் புதிய மதத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுத்து வந்தது. படகுகள் எல்லாம் பீரங்கிக் கப்பல்களாயின. கொள்ளைக்காரர்கள் ஓடினார்கள். பின்னால் இருந்தவர்களில் ஒருவர் கைதட்டினார்.

அப்போதுதான் நாராயணபெருமாள் சுவருக்கு அப்பாலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஏலே, பண்டு பறங்கிக்காரன் கப்பல் கொண்டு வந்தப்ப உங்க பாட்டன்மாரு செய்ததும் இதுதான? கப்பல் கிடைக்கும்னா சாமியையே மாத்திருவிய."

கடை முழுக்கச் சிரித்தது. சுயம்புலிங்கம் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் தானும் கலந்துகொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கிளீட்டஸால் முடியவில்லை. தினமும் சாயங்காலம் அம்மா முட்டுக்குத்தி நின்று செபமாலை சொல்வது அவனுக்கு ஞாபகம் வந்தது. அம்மாவின் முட்டில் தோல் காய்த்துக் கறுத்திருக்கும். அது என்ன, கப்பலுக்குக் கொடுத்த விலையா? அவமானம் ஒருபக்கம் இருக்க, இவன் சொல்வது உள்ளதாக இருக்குமோ என்ற பயம் வேறு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பயந்தவன் கையில் கிடைத்ததை எடுத்து எறிவான். கிளீட்டஸ் கையில் அன்று ஒன்றுதான் இருந்தது.

"உனக்க தம்பிய எடுக்கதுக்கு எங்களுக்கு ஒரு ஓட்டை விழுந்த படகுகூட செலவாகல்ல, ஏலே," என்று கத்தினான். "அனீஷ் சும்மாவே வந்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சுயம்புலிங்கம் மட்டும் மெல்ல முன்னால் குனிந்து, "ஏது, நம்ம அனீஷா? கீரிப்பாறையில நிக்க பயலா?" என்று கேட்டார்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்தச் செபக் கூட்டத்துக்காரர்களைக் கண்டாலே கிளீட்டஸுக்கு ஆகாது. மாதாவைக் கும்பிடாதவர்கள் என்று அவனே எத்தனையோ தடவை ஏசியிருக்கிறான். அன்றைக்கு ஒரு வாய்ச்சண்டையில் ஜெயிப்பதற்காக அவர்களையெல்லாம் தன் ஆட்களாகச் சேர்த்துக்கொண்டு, 'எங்களுக்கு' என்றான்.

 எதிராளி ஆட்டத்தை விட்டு வெளியேறினார் என்று திரையில் வந்தது. சற்று நேரத்தில் கேபிள் மெதுவாக இந்தப் பக்கம் நழுவி விழுந்தது. அவன் அதைப் பிடுங்கி எறியக்கூட இல்லை, கழற்றி விட்டிருந்தான்.

சுயம்புலிங்கத்தோடு அந்தச் செய்தி சாயங்காலம் ஊருக்குப் போனது. நாலு வாய் மாறியதில் யார் சொன்னது என்பது உதிர்ந்துபோய், என்ன சொன்னது என்பது மட்டும் மிஞ்சியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாராயணபெருமாளின் அப்பா தாங்கலுக்குப் போகவில்லை. போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவராகவே நின்றுவிட்டார்.

மூன்று வாரம் கிளீட்டஸ் சோறு இறங்காமல் நடந்தான். எதிரே பார்த்தால் நாராயணபெருமாள் முகத்தைத் திருப்புவதுகூட இல்லை. வழியில் போகிற யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனான். கடைசியில் மனைவி டெல்சியிடம் நடந்ததை எல்லாம் சொன்னான். அவள் கேட்டாள்.

"அவரு சொன்னது உள்ளதா, பொய்யா?"

"எந்தக் காலத்துக் காரியமோ. உள்ளதாத்தான் இருக்கும்போல."

"பின்ன எதுக்குத் தேஷ்யப்பட்டுக் கத்தினீங்க?"

"எல்லாரும் இருக்க வச்சுச் சிரிச்சான், டெல்சி."

"அவரு சிரிச்சது நானூறு ஐநூறு வருஷத்துக்கு முன்ன செத்தவங்களப் பாத்து. நீங்க விளிச்சுச் சொன்னது உசுரோட இருக்கவங்களுக்க காரியம். ஒழுங்கா அவரு வீட்டுக்குப் போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. கடையில வச்சுச் சொல்லாதிங்க, அங்க ஆளு கூடும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே போனான். இரண்டு வருஷப் பழக்கத்தில் அந்த வீட்டுக்கு அவன் போனதே இல்லை. பழக்கமெல்லாம் கடையோடு சரி. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நாமம் பளிச்சென்று இருந்தது. தாங்கல் மைக்கில் வேறு யாரோ உச்சிப்படிப்பு படிப்பது கேட்டது. கூடவே இவர் உதடும் அசைந்தது.

"பெருமாளப் பாக்க வந்தேன்."

"மார்த்தாண்டம் போயிருக்கான், இப்ப வருவான். இரு மக்கா. எந்த ஊரு?"

"இனயம்."

பெரியவர் முகம் தெளிந்தது. "இனயத்துல அவனுக்கு ஒரு கூட்டுக்காரன் உண்டு. கிளீட்டஸுன்னு பேரு. பெருமாளு டெங்கு வந்து பத்து நாளு கெடந்தப்ப இவனுக்க கடையையும் அவன்தான் தொறந்து பாத்துக்கிட்டான். தங்கமான பய. நீ அறிவியா?"

"அறிவேன்," என்றான் கிளீட்டஸ்.

"அவன்கிட்டயும் இப்ப இவன் மிண்டுதது இல்ல, பேச்சே கெடையாதுபோல. ஆருகிட்டயும் இல்ல. இளையவனுக்க காரியத்தக் கடையில வச்சு இவனே வாய்விட்டு ஒளறிப் போட்டான். குடும்பத்துக் காரியம், இப்படிச் செய்யலாமா? நான் அவன்கிட்டப் பேசி மூணு வாரம் ஆச்சு."

"பெருமாளா ஒளறினான்? அப்படி ஆரு சொன்னா?"

"அவனே சொன்னான். நான் கேட்டேன், நான்தாம்ப்பா சொன்னேன்னு ஒத்துக்கிட்டான்."

 எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போயிருந்தால் அந்த வீட்டில் அவன் தங்கமான பயலாகவே இருந்திருப்பான். ஆனால் பெரியவரின் உதடு மறுபடியும் அசைய ஆரம்பித்ததை அவனால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அவன் சொல்லல்ல அப்பா. நான் சொன்னேன். நான்தான் கிளீட்டஸ்."

பெரியவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை.  மைக்கில் படிப்பு முடிந்தது. நாராயணபெருமாளின் பைக் வந்து நின்றது. கிளீட்டஸைப் பார்த்ததும் அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றான்.

"சோறு தின்னியா மக்கா?" என்று பெரியவர் மகனிடம் கேட்டார்.

நாராயணபெருமாளுக்கு எல்லாம் புரிந்தது. இல்லை என்று தலையை ஆட்டினான். பெரியவர் எழுந்து உள்ளே போனார். இவன் கிளீட்டஸோடு வெளிக்கேட் வரைக்கும் நடந்து வந்தான்.

"எதுக்குச் சொன்ன?" என்றான். "எங்க வீட்டுல உன்ன நல்லவன்னு நினைச்சிட்டு இருந்தது அப்பா ஒருத்தருதான். அது ஒண்ணாவது கெடந்துட்டுப் போட்டும்னு நான் விட்டேன்."

"உனக்க மேல பழி கெடக்க வச்சிட்டு எப்படி மக்கா? உள்ளதச் சொல்லாம இருக்க முடியல்ல."

"அன்னைக்கும் நீ உள்ளதத்தான் சொன்ன," என்றான் நாராயணபெருமாள்.

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனான். அப்பா அவனுக்குச் சோறு போட்டு வைத்திருந்தார்.