பட்டு முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு ஷென்ஜென் போய் வந்தது

ரேஷன் கடையில் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி போட ஆரம்பித்த வருஷம். சீனாவில் ஒலிம்பிக் நடந்ததும் அதே வருஷம்தான். காஞ்சிபுரத்துக்காரனைக் கேட்டால் இரண்டையும் சொல்லமாட்டான், கரண்ட் கட் வந்த வருஷம் என்பான். அந்த வருஷம் கார்த்திகை தீபம் முடிந்த கையோடு நானும் தனபாலும் சீனாவில் இருக்கும் ஷென்ஜெனுக்குக் கிளம்பினோம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாஸ்போர்ட்டில் கைநாட்டுதான். இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் அடிக்கிறாள். அந்த ஊருக்குப் பொருள் வாங்கவோ ரிப்பேர் பார்க்கவோ போகிறவர்களுக்கு உதவும் என்று சொல்கிறேன். இப்போது விலையெல்லாம் மாறியிருக்கும், வழி அதேதான்.

போன காரணம் இது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எட்டு நெசவாளர்கள் சேர்ந்து ஒரு கொட்டகை பிடித்திருந்தோம். புடவையில் மயிலோ யாளியோ வரவேண்டுமென்றால் எந்த இழையை எப்போது தூக்குவது என்று தறிக்குச் சொல்லவேண்டும். முன்னெல்லாம் ஓட்டை போட்ட அட்டைகளைச் சரம் கோத்துத் தறிக்கு மேலே தொங்கவிடுவோம். அதற்குப் பதிலாகச் சீனப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே சிப் என்கிற சில்லுகள் பதித்த ஒரு போர்டு, அது இழைகளைத் தூக்கும். எட்டுப் பேரும் பங்கு போட்டு வாங்கினோம். மாட்டியவன் எங்கள் தெருமுனையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த தனபால். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

சித்திரையில் ஒரு போர்டு போயிற்று. மாற்றினான். ஆடிக் காற்றில் இன்னொன்று. தீபாவளி ஆர்டர் தறியில் இருக்கும்போது மூன்றாவது. கரண்ட் கட்டால் என்றான் தனபால். வேதாசலம் ஒத்துக்கொள்ளவில்லை. கொட்டகையில் மூத்தவர் அவர், பேச்சும் கறாராக இருக்கும்.

"பக்கத்துத் தெருவுலயும் இதே பெட்டிதான் ஓடிக்கினு இருக்குது. அவனுக்கும் இதே கரண்ட் கட்டுதான். அங்க போவல, இங்க மட்டும் எப்படிப்பா போவுது? போர்டுல இருக்குற நல்ல சில்லைக் கழட்டிக்கினு செத்த சில்லை மாட்றான் இவன்."

தனபால் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அந்த வாரமே தெருவில் நாலு வீட்டு டிவி வேறு கடைக்குப் போயிற்று. திருட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டால் எங்கள் தெருவில் ஒரு ரிப்பேர்காரன் பிழைக்க முடியாது.

பெட்டியை விற்ற சென்னைக் கடை அதற்குள் மூடிவிட்டது. வழி காட்டியவர் செல்லையா என்று மலேசியாவில் ஈப்போ ஊரில் இருக்கும் தமிழர் ஒருவர். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர். போன் சாமான் வாங்க மாதாமாதம் ஷென்ஜென் போகிறவர், சீனம் நன்றாகப் பேசுவார். அங்கே ஒரு பொதுப் பட்டறை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து எதையும் பிரித்துப் பார்க்கலாம், செத்த போர்டைக் கொண்டுவந்தால் ஏன் செத்தது என்று சொல்வார்கள் என்றார்.

தனபால் உடனே போகிறேன் என்றான். தனியாக விடமாட்டேன் என்றார் வேதாசலம். "இவன் போய் வந்து ஒரு கதை சொல்லுவான், நாம கேட்டுக்கினு இருக்கணுமா? ஏகாம்பரம் கூடப் போவட்டும். அவனுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா சொன்னதைச் சொன்னபடி ஒரு சொல்லு வுடாம திருப்பிச் சொல்லுவான்."

ஆக, நான் சாட்சி. செத்த மூன்று போர்டுகளையும் வேதாசலமே எல்லோர் எதிரிலும் ஒரு அரக்குப் பட்டுத் துண்டில் வைத்து மூட்டை கட்டினார். எங்கள் ஊரில் பெறுமானமுள்ள பொருளைப் பட்டில்தான் சுற்றுவோம். முடிச்சு மேல் முடிச்சாக ஐந்து போட்டார். "அங்க போய்தான் அவுக்கணும். வழியில அவுந்துதுன்னு தெரிஞ்சா அப்புறம் பேச்சே கெடையாது" என்று என் மடியில் வைத்தார்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தாம்பரம் வழியாக விமான நிலையம் எழுபது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அங்கே சோதனையில் ஒரு அதிகாரி முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்.

"அவுத்தா எங்க ஊர்ல சண்டை வந்துடும் சார்" என்றேன்.

"உள்ள இன்னா இருக்குது?"

"இந்தத் தம்பி திருடனா இல்லையான்றது இருக்குது."

அவர் தனபாலைப் பார்த்தார். தனபால் தரையைப் பார்த்தான். மூட்டையை இரண்டு தடவை மெஷினுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, போங்கள் என்றார். எல்லா அதிகாரியும் இப்படி இருக்கமாட்டார்கள். இந்த மாதிரி சாமான் கொண்டுபோகிறவர்கள் அவிழ்க்கிற மாதிரியே கட்டிக்கொண்டு போங்கள்.

ஹாங்காங் வரை விமானத்தில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளவேண்டும். டிக்கெட் போக வர ஆளுக்கு இருபத்திரண்டாயிரம். பிறகு பஸ், பிறகு ரயில், கடைசியில் எல்லைப் பாலத்தை நடந்தே கடக்கவேண்டும். சீன விசாவை ஏஜென்ட் மூலம் முன்னமே வாங்கிவிடுங்கள், எங்களுக்கு அதில்தான் ரொம்ப நாள் ஆயிற்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் பாதாள ரயில். ஐந்தாவது ஸ்டேஷன் இறங்க வேண்டிய இடம்.

இதில் ஒரு வேடிக்கை. பத்தாவது வரை படித்த தனபால் பாலம் தாண்டியதும் என்னைப் போலவே ஆகிவிட்டான். ஒரு பெயர்ப் பலகையும் படிக்க முடியவில்லை அவனுக்கு. எனக்கு அது பழக்கம். நான் எப்போதும் போலத் தூணின் நிறத்தையும், கடையில் தொங்குகிற வாத்தையும், எத்தனையாவது கதவு என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த நாட்களில் நான்தான் வழி காட்டினேன். "அண்ணா, நீ மட்டும் இல்லன்னா நான் இங்கயே பிச்சை எடுத்துக்கினு இருப்பேன்" என்றான். கிளம்பியதிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

செல்லையா ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார். சாமான் சந்தையை முதலில் காட்டினார். நம்மூரில் ஜரிகை, பாவு நூல், சாயம், இழையோடு இழை முடிகிற புணி என்று தெருவுக்குத் தெரு பிரிந்திருக்கிற மாதிரி, அங்கே ஒரு மாடி முழுக்க விளக்கு, ஒரு மாடி முழுக்கக் கம்பி, ஒரு மாடி முழுக்க அரிசி மணி அளவில் ஏதேதோ. தறிக்காரனுக்கு அந்தச் சந்தை அந்நியமாகத் தெரியாது.

பட்டறை அதற்குப் பின்தெருவில், நாலாம் மாடியில். லிப்ட் கிடையாது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். பஸ் ஓட்டுகிற ஒருவர் பறக்கிற பொம்மை செய்துகொண்டிருந்தார். பாக்டரியில் ஷிப்ட் முடித்து வந்த இரண்டு பெண்கள் மீன் தொட்டிக்குத் தானாக இரை போடும் டப்பா. யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்தையே வரைந்து வைத்திருக்கிறார்கள். எடுத்தால் அந்த வடிவத்தின் மேலேயே திரும்பத் தொங்கவிடவேண்டும். எனக்குக்கூடப் புரிந்தது.

ஒரு சுவர் முழுக்கச் செத்த சாமான்களை மாட்டியிருந்தார்கள். எரிந்தது, உருகினது, வெடித்தது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு.

"யார் உடைச்சாங்கன்னு எழுதியிருக்குதா?" என்று கேட்டேன்.

செல்லையா கேட்டுச் சொன்னார். "இல்லைங்க ஐயா. எப்படிச் செத்துச்சுன்னு மட்டும்தான். யாருன்னு எழுதுனா, அடுத்தவன் உடைச்சதை மறைச்சுருவானாம்."

போர்டு பார்க்கிற பெண் பெயர் லின். முப்பது வயது இருக்கும். முடிச்சுகளை நான்தான் அவிழ்த்தேன், சாட்சி என்பதால். அந்த ஊரில் அப்போது குளிர், காற்று எலும்பு மாதிரி வறண்டு கிடந்தது. துண்டை இழுத்தேன், படபடவென்று சத்தம். விரலில் சுருக்கென்றது. மேஜை மேலிருந்த காகிதத் துணுக்குகள் எழும்பிப் பட்டில் ஒட்டிக்கொண்டன.

லின் போர்டுகளைப் பார்க்கவே இல்லை. துண்டையே பார்த்தாள். இரண்டு விரலால் தடவினாள். என்னவோ கேட்டாள்.

"இது நிஜப் பட்டான்னு கேக்குறா" என்றார் செல்லையா.

"காஞ்சிபுரத்தான் கிட்ட கேக்குற கேள்வியா அது?" என்றேன். அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்றேன், அவர் மொழிபெயர்த்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுடைய ஊரிலும் பட்டுதானாம். அடுத்த கேள்வி: "இந்தத் துணியால போர்டைத் துடைப்பீங்களா?"

நான் தனபாலைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். துடைத்தது அவனில்லை, நானுமில்லை. தினம் காலையில் பூ வைத்து, கற்பூரம் காட்டி, மூடியைத் திறந்து, ஜரிகைத் தூசி போகப் பட்டுத் துணியால் போர்டை அழுத்தித் துடைத்தவர் வேதாசலம். எங்கள் எல்லோர் கண் முன்னாலும்தான் நடந்தது. பக்கத்துத் தெருக்காரன் வாயால் ஊதுவதோடு சரி.

வறண்ட பட்டைத் தேய்த்தால் அதில் மின்சாரம் ஏறும், கையில் சுருக்கென்று குத்துகிற அந்தப் பொடி மின்சாரமே சில்லைக் கொல்லப் போதும் என்றாள் லின். பூதக் கண்ணாடியின் கீழ் வைத்து மூன்று போர்டுகளிலும் குத்துப்பட்ட இடத்தைக் காட்டினாள். சில்லு யாரும் மாற்றவில்லை, கம்பெனியில் ஒட்டின ஈயப் பற்றாசு அப்படியே இருக்கிறது என்றும் சொன்னாள். தனபால் அந்தக் கண்ணாடியை விட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இரண்டு போர்டு பிழைத்தது. மூன்றாவதை அவர்கள் சுவருக்குக் கொடுத்துவிட்டோம். கூலி என்று ஒன்றும் வாங்கவில்லை. வரும்போது துணிக்குப் பதிலாகத் தூசி தட்ட ஒரு தூரிகை கொடுத்தாள், போர்டைத் தொடுவதற்கு முன்னால் தரையில் ஊன்றிய இரும்பைத் தொட்டால் கையிலிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும் என்று மூன்று தடவை செய்து காட்டினாள்.

திரும்பும் வழி முழுக்கத் தனபால் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அண்ணா, அவர் பேரைச் சொல்லுவியா?"

"அவ சொன்னதைச் சொல்லுவேன். அவ யார் பேரையும் சொல்லலியே."

கொட்டகையில் மற்ற ஏழு பேரும் உட்கார்ந்திருக்க, லின் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். நிஜப் பட்டா என்று கேட்டதையும், துடைப்பீர்களா என்று கேட்டதையும், சில்லு மாற்றவில்லை என்றதையும். யார் துடைத்தது என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஏனென்றால் வேதாசலம் தோளில் அந்தத் துடைக்கிற பட்டுத் துணி இருந்தது.

அவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "சாமி சாமான்னு நெனச்சிதான் தொடச்சேன்" என்றார். அப்புறம் எழுந்து தெருவில் இறங்கி, கடை கடையாக, தனபால் திருடவில்லை, நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே போனார். டீக்கடையிலிருந்து திரும்பும்போது கையில் இரண்டு டம்ளர். ஒன்றைத் தனபால் முன்னால் வைத்தார். "சக்கரை கம்மியா போடச் சொன்னேன். உனக்கு அப்படித்தான?" என்றார். தனபால் குடித்தான்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது: குளிர் காலத்தில் போனால் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். தங்கும் இடத்தின் சீட்டை ஒன்றுக்கு இரண்டாகப் பையில் வையுங்கள், டாக்ஸிக்காரரிடம் காட்டினால் போதும். அந்த மாதிரிப் பட்டறைகளில் வெட்கப்படாமல் கெட்டுப்போன சாமானை மேஜை மேல் வையுங்கள். யார் கெடுத்தது என்று கேட்கமாட்டார்கள்.

தனபால் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கடைசி வரை அவன் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. செல்லையாவும் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னாள். லின் எங்கே இருக்கிறாளோ தெரியாது. கொட்டகையில் உட்கார்ந்து கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். படிக்காதவன் சொல்வதை எப்படி நம்புவது என்று நினைக்கிறவர்கள் பிள்ளையார்பாளையம் வரலாம். கொட்டகை வாசலில் ஒரு இரும்புக் கம்பி ஊன்றியிருக்கும். அதைத் தொட்டுவிட்டு உள்ளே வா என்று ஒரு கிழவர் அதட்டுவார். எனக்குச் சாட்சி சொல்ல இப்போது அவர் ஒருவர்தான் இருக்கிறார், வேதாசலம்.