கஸ்தூரியை வண்டி கொல்லவில்லை

கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "பாட்டி, கஸ்தூரியம்மா போயிட்டாங்களாம். அந்த வண்டியாலதானாம்." என் நாத்தனார் செத்த செய்தியே பொய்யோடு சேர்ந்துதான் எனக்கு வந்தது.

அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். பெருங்களத்தூரில் பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, சைடு ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள், ஒருநாள் அந்த நானூறு சிசி மோட்டார் பைக்கோடு எங்கள் தாம்பரம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மேலே மூடுகிற பிளாஸ்டிக் எதுவும் இல்லாத ரகம். என்ஜின், குழாய், சட்டம் எல்லாம் வெளியே தெரிந்தன.

"இன்னா கஸ்தூரி, பாதி வண்டிதான் குடுத்தானா?" என்றேன்.

"முழுசும் இதான் அண்ணி. ஒளிச்சு வைக்க இதுல ஒண்ணுமில்ல. கிளட்ச்ச புடிச்சுப் பாருங்க, உங்க கைக்கே பஞ்சு மாதிரி இருக்கும்."

ஆயுத பூஜைக்கு என் மகன் பாஸ்கர் தடித்த சாமந்தி மாலையைக் கொண்டுவந்து, முன்சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றிக் கட்டினான். அதற்குப் பின்னால்தான் என்ஜின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டர். மறுநாள் நானும் அவளும் அந்த வண்டியில் பண்டிகை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது சூடு ஏறி மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. நடுரோட்டில் இறங்கி மாலையைப் பிய்த்தாள்.

"இன்னா மேடம், சாமி ஊர்வலமா? ஓரமா போம்மா" என்றார் பின்னாலிருந்த ஆட்டோக்காரர்.

"மூஞ்சின்னு நெனைச்சு மூக்கை அடைச்சு வெச்சிருக்கான் அண்ணி உங்க புள்ள" என்றாள் கஸ்தூரி. பாஸ்கர் அதற்கு இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

அவள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. வண்டிச் செயினில் சின்னச் சத்தம் கேட்டாலும் நிறுத்திக் குனிந்து பார்ப்பவள், ஒரு வாரமாக நெஞ்சு வலித்ததற்கு, "கேஸ் அண்ணி, சோடா குடிச்சா போயிடும்" என்றாள். அந்தப் பேச்சை நான் மன்னிக்கப் போவதில்லை.

அவளைக் கிடத்திய ஐஸ் பெட்டி வாசலில் இருக்கும்போதே பாஸ்கர் வண்டியைப் படம் எடுத்து விற்பனைக்குப் போட்டான்.

"ராசியில்லாத வண்டிம்மா. அத்தையை முழுங்கிடுச்சு."

"அப்போ வாங்குறவனையும் முழுங்கட்டும்னு விக்கிறியா?"

சாவியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது இப்போது அந்த வண்டிதான். ஓட்ட எனக்குத் தெரியாது. சும்மா நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். அதனால் காலையில் எழுந்ததும் நியூட்ரலின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்துகிறேன். இரண்டு சிலிண்டரும் சேர்ந்து உறுமுகின்றன. வண்டி கொன்றது என்று பேசிய ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் திறக்கும்வரை நான் அணைப்பதில்லை.