அஞ்சு மூலைத் திருப்புளி

அண்ணனின் குரல் நின்றுபோன அன்று வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அண்ணன், மைனி, தங்கை நான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். குரல் என்று நான் சொல்வது அவருடைய லேப்டாப்பை. நரம்பு நோய் வந்து முதலில் கால் போயிற்று, பிறகு கைகள், பிறகு நாக்கு. கடைசியில் வலது கட்டைவிரல் ஒன்றுதான் அவர் சொன்னபடி கேட்டது.

அந்த விரலை வைத்துத்தான் பேசினார். திரையில் எழுத்துகளின் மேல் ஒரு நீலக் கட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டிய எழுத்தில் கட்டம் வந்ததும் கீழே உள்ள தொடுபலகையைக் கட்டைவிரலால் அமுக்குவார். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பார். கம்ப்யூட்டர் அதைத் தமிழாக்கி வாசிக்கும். "ஏட்டி, ஃபேனைக் கூட்டு" என்று அவர் எழுதினால் செய்தி வாசிப்பவர் போல ஏற்ற இறக்கமில்லாமல் அது சொல்லும். முதல் வாரம் சிரித்தோம். பிறகு அதுவே அண்ணன் குரலாகிவிட்டது.

நோய்க்கு முன்னால் அவர் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். கல்லாற்றில் சாயா குடிக்க நிறுத்துகிற வரை வண்டியில் வாய் மூடமாட்டார் என்று அவரோடு பொன்முடி மலைக்குப் போனவர்கள் சொல்வார்கள். பொய்யும் நிஜமும் கலந்து மூன்று பாஷையில் கதை விடுவார்.

அந்த மாதம் டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். மூச்சு விடும் தசைகளும் சீக்கிரம் தளர்ந்துபோகும். அப்போது தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மிஷினால் மூச்சு கொடுக்கலாம். அப்படி வைத்தால் வருஷக்கணக்காக இருக்கலாம், வைக்காவிட்டால் அதோடு முடிந்தது. எது வேண்டும் என்று அவரே யோசித்துச் சொல்லட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்வதாக அண்ணன் எழுதியிருந்தார்.

ஞாயிறு காலை அவர் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். நீலக் கட்டம் ஓட ஆரம்பித்தது. "நான் யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு" என்று கம்ப்யூட்டர் சொன்னது. அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தோம். "க க க க க" என்றது. அண்ணன் விரல் அசையவே இல்லை. பலகை தானாக அமுங்கிக்கொண்டிருந்தது. எழுத்துகள் கொட்டிக்கொண்டே வந்தன, அந்தக் குரல் அத்தனையையும் பொறுமையாக வாசித்தது. மைனி காதைப் பொத்திக்கொண்டாள். நான் சத்தத்தை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் திரையும் அணைந்துவிட்டது.

தூக்கிப் பார்த்தபோது லேப்டாப் மேசையில் சமமாக நிற்காமல் ஆடியது. அடிப்பக்கம் உப்பியிருந்தது.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். முன்மேசையில் இருந்த பெண் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. "பேட்டரி வீர்த்ததா சேச்சீ. பார்ட்ஸ் வரணும். பத்து திவசமெங்கிலும் ஆவும். டேட்டா போயால் ஞங்ஙளுக்கு உத்தரவாதமில்ல" என்றாள். மலையாளத்தில் வீர்த்தது என்றால் ஊதியது, திவசம் என்றால் நாள். பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். அன்றைக்கு அது தமிழாகவே என் காதில் விழுந்தது. அண்ணனுக்கென்று அதில் வைத்திருந்ததெல்லாம் அழிந்துவிடுமோ என்று பயந்து, கொடுக்காமல் எடுத்துவந்தேன்.

வேறு கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்காமல் இல்லை. ஆரியசாலையில் நான் கணக்கு எழுதும் மொத்தக் கடையில் கேட்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். நீலக் கட்டம் எந்த வேகத்தில் ஓட வேண்டும், விரல் எவ்வளவு தாமதித்தால் பொறுக்க வேண்டும் என்றெல்லாம் அண்ணனுக்குத் தகுந்தபடி ஒரு தெரபிஸ்ட் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒழுங்குபண்ணியிருந்தார். அவர் கல்ஃபுக்குப் போய்விட்டார். கடைக் கம்ப்யூட்டரில் கட்டம் ஓடிய வேகத்துக்கு அண்ணன் விரல் எட்டவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு மூன்று ரிப்பேர் கடைகளில் பேட்டரி ஊதியிருக்கிறது என்றதுமே கையை விரித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் நின்று பேசினார். "பேட்டரியக் கழத்திட்டா சார்ஜர்லயே ஓடும். ஆனா நான் கழத்தமாட்டேன். எதாவது குத்திச்சுன்னா தீ பிடிக்கும். கடையே போவும்." கழற்றினால் ஓடும் என்பது மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது. அண்ணன் பிளக்கை விட்டு எங்கே போகப்போகிறார்? நானே திறந்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். அதற்கு வேண்டியது ஒரு ஸ்க்ரூட்ரைவர், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு பெட்டி நிறைய முனைகள் உள்ள செட் வாங்கினேன். அடிமூடியில் இருந்த ஆணிகள் எள்ளுப்போல இருந்தன. தலையில் நட்சத்திரம் போல ஒரு பள்ளம். பெட்டியில் இருந்த நட்சத்திர முனைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்று ஏறக்குறையப் பொருந்தியது. மூலையில் இருந்த ஆணியில் வைத்து அழுத்தித் திருப்பினேன். வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். வெள்ளிப் பொடி போல ஏதோ உதிர்ந்தது. விளக்கடியில் பார்த்தால் நட்சத்திரமே இல்லை, வட்டமாக வழித்துவிட்டிருந்தேன். மற்ற ஆணிகளைத் தொடப் பயமாகிவிட்டது.

மறுபடி சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்.

"நச்சத்திரம்னா எத்தன மூலைம்மா? ஆறா, அஞ்சா?"

நான் எண்ணிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்தேன். அஞ்சு. மறுநாள் போய்ச் சொன்னேன். அவரிடம் இருந்ததெல்லாம் ஆறு. "அஞ்சு மூலைத் திருப்புளிய நாங்க எடுக்கிறதில்ல. கேக்க ஆளில்ல" என்றார். ஃபோன் ரிப்பேர் பண்ணும் ஒரு கடையில் அஞ்சு மூலை இருந்தது, ஆனால் ஃபோனுக்கானது, மெலிசு. பள்ளத்துக்குள் அது சும்மா சுற்றியது. ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். மழையில் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. நாளைக்கு வரும் என்று தினமும் செய்தி வந்தது.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நேராகச் சாலைக் கடைத்தெருவுக்கோ கிழக்கேகோட்டைக்கோ போய், ஒன்றும் கிடைக்காமல் கரமனையில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடப்பேன். படியேறும்போதே மைனியின் குரல் கேட்கும்.

"வயித்துக்குப் பசிக்கா? இல்லையா? திருப்பிப் படுக்கணுமா? கொசு கடிக்கா?"

ஆமாம் என்றால் ஒருமுறை கண் சிமிட்ட வேண்டும், இல்லை என்றால் இரண்டு முறை. கேள்வி சரியாக அமையாவிட்டால் பதிலே வராது. ஒருநாள் சாயங்காலம் முழுக்க அவர் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை உருட்டினார். ஜன்னல், தண்ணீர், போர்வை, டி.வி., முதுகு, தலையணை என்று எல்லாம் கேட்டு ஓய்ந்துபோனோம். காலில் ஒரு விரல் கொசுவலையின் நூலில் மாட்டி நீலம் பாரித்திருந்ததைக் கால் துடைக்கும்போதுதான் மைனி பார்த்தாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது.

எழுத்து அட்டையும் செய்து பார்த்தேன். அவருக்குப் பழகிய இங்கிலீஷ் எழுத்துகள், இரண்டு வரிசை. நான் ஒவ்வொன்றாகத் தொட, அவர் சிமிட்ட வேண்டும். ஒரு சொல் சேர்வதற்குள் கண் சொருகிவிடும்.

அந்த நாட்களில் ஒருமுறை மைனி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"குழாய் வைக்கவா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க. ஒருக்கா சிமிட்டினா வைக்கலாம்."

அண்ணன் இமைக்காமல் அவளையே பார்த்தார். பிறகு கண்ணை மூடினார், நெடுநேரம் திறக்கவில்லை. ஒரு சிமிட்டலில் சொல்லிவிடுகிற காரியமாக அதை அவர் நினைக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. மைனிக்கும் புரிந்திருக்கும். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கடைசியில் கிழக்கேகோட்டையில் ஒரு மாடியில், பழைய லேப்டாப் வாங்கி விற்கிறவரிடம் அது இருந்தது. பத்து நாள் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தவர் அன்றைக்குத்தான் திறந்திருந்தார். அதற்கு முன்னால் இரண்டு முறை அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஞான் வரல்ல. டூல் கொண்டுபொய்க்கோ, திரிச்சுத் தரணும்" என்று கருவியைக் கொடுத்தார், திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். உலோகம் எதையும் பேட்டரியில் படவிடாதே, பிளாஸ்டிக்கால் மட்டும் நெம்பு, ஒட்டியிருக்கும் பசையைத் தூண்டில் நூலால் அறு, பக்கத்தில் ஒரு வாளி மணல் வை என்றும் சொன்னார்.

மறுநாள் காலை வீட்டின் பின்னால் துணி துவைக்கும் கல்லில் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தேன். தீப்பிடித்தால் அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அதனால் மைனியை அவர் அறையிலேயே இருந்து கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன். இரவல் திருப்புளி முதல் ஆணியில் போய் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. ஆணிகள் ஒவ்வொன்றாகச் சுழன்று வெளியே வந்தன. நான் வழித்துவிட்ட மூலை ஆணி மட்டும் வரவில்லை. அதை விட்டுவிட்டு மூடியை நெம்பினேன். அந்த ஒற்றை ஆணியைப் பிடித்துக்கொண்டு மூடி கதவுபோல ஒரு பக்கமாகச் சுற்றி விலகியது.

உள்ளே கறுப்புப் பொட்டலங்கள். நடுவில் இரண்டு பூரி போல உப்பியிருந்தன. நகப்பூச்சு மாதிரி ஒரு இனிப்பு வாடை. பழைய பிளாஸ்டிக் கார்டால் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினேன். தூண்டில் நூலை அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்து இழுத்துப் பசையை அறுத்தேன். நூல் கையை வெட்டியது. ஒரு பொட்டலம் எழும்பும்போது உள்ளே ஏதோ நகர்வது போல இருந்தது, அப்படியே கையை நிறுத்திக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் பொட்டலமும் வந்ததும் எல்லாவற்றையும் மணலில் புதைத்தேன்.

சார்ஜரைச் செருகியதும் லேப்டாப் எழுந்தது. முன்னைவிட மெதுவாகத்தான், ஆனாலும் எழுந்தது. அண்ணன் கையடியில் வைத்தேன். நீலக் கட்டம் ஓடியது. கட்டைவிரல் முன்பு போல இல்லை, இரண்டு எழுத்துக்கு ஒன்று தவறியது. எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பாதியில் கரண்டு போய்த் திரை இருண்டது, வந்ததும் திரும்ப ஆரம்பித்தார்.

"எனக்குக் குழாய் வேண்டாம். பேச ஒரு மிஷின் போதும், மூச்சுக்கு வேற வேண்டாம். மூச்சு முட்டினா உறங்க மருந்து கேளுங்க."

மைனி அழவில்லை. கேட்டாள். "அன்னைக்கு ஞாயித்துக்கிழம சொல்ல வந்தது இதுதானா?"

கட்டம் ஓடியது. நாங்கள் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இல்ல. அன்னைக்கு வேணும்னுதான் சொல்ல இருந்தேன். இந்த நாளெல்லாம் பேசாம கிடந்து பார்த்துட்டேன். இந்த விரலும் போயிடும். அப்பறம் வருஷக்கணக்கா இப்படித்தான் கிடக்கணும். என்னால ஆவாது."

ஏற்ற இறக்கம் இல்லாமல் கம்ப்யூட்டர் அதை வாசித்தது. மைனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுக்களையில் வைத்துத்தான் அதைச் சொன்னாள், சத்தமே இல்லாமல்.

"அந்த ஸ்க்ரூட்ரைவர் மொதல்லயே கிடைச்சிருந்தா."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முதல்நாளே கிடைத்திருந்தாலும் பிறகு அவர் மனம் மாறியிருக்கலாம் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவளிடம் சொன்னதில்லை. அதற்குப் பிறகு பல நாட்கள் எனக்குச் சாப்பாடு எடுத்து மூடிவைத்துவிட்டு அவர் அறைக்குப் போய்விடுவாள். கூப்பிட்டால் வருவாள். பேச்சு அவ்வளவுதான்.

மழைக்காலம் முடியும் முன்பே மூச்சு திணற ஆரம்பித்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது லேப்டாப்பை எடுக்கவில்லை, பிளக் இல்லாமல் அது ஓடாது. ஆஸ்பத்திரியில் பட்டப்பகல் வெளிச்சத்தில் ஒரு சின்ன வயது டாக்டர், கையில் உறை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ட்யூப் இடட்டே?"

அண்ணன் கண் மைனியின் மேல் இருந்தது. அவள் அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டருக்கு அவசரம். இன்னொரு முறை கேட்டார்.

"வேண்டா" என்றாள் மைனி. "வேண்டான்னு அவரு பறஞ்ஞிட்டுண்டு. உறங்க மருந்து தந்தா மதி."

டாக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஒருமுறை கண்ணைச் சிமிட்டினார்.

ஊசி போட்டபின் அவர் முகம் தளர்ந்தது. மைனி என் பக்கம் திரும்பி, "வீட்டுல காஸை அணைச்சேனா தெரியல. போய்ப் பார்த்துட்டு வா" என்றாள். ஆட்டோ பிடித்துப் போனேன். காஸ் அணைந்துதான் இருந்தது. அடுப்பில் பால் ஆறி ஆடை கட்டியிருந்தது. அதை ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். திரும்பிப் போனபோது வார்டு வாசல் பெஞ்சில் மைனி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் "மூச்சு அடங்கிட்டு" என்று சொல்லிவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.